இடுப்பில் இருந்த அரை கிராம்

திராட்சைக் கொத்து முக்குகிறவளுக்கு நிதானமான கையும் இடுப்பில் ஒரு சுருக்குப்பையும் இருந்தால் போதும், எந்தப் பந்தலிலும் பிழைத்துக்கொள்ளலாம். ஜெயிலுக்கு மனு போட்டு ஆளைப் பார்க்கப் போகிற நாளில் மட்டும் அந்தப் பையைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். இந்த இரண்டாவது சங்கதியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கோர்ட் படி ஏறிக் கற்றுக்கொண்டேன். சிறைவாசலில் ஆதார் நகலைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் உங்களில் யாராவது இருந்தால் மேலே படியுங்கள். நாமெல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள்.

சுருக்குப்பை

எனக்கு ஓடைப்பட்டிக்குப் பக்கம். விதையில்லாத் திராட்சையில் பிஞ்சுக் கொத்துகளை ஒவ்வொன்றாக மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் காம்பு நீளும், காய் பருக்கும். பதினோரு பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் அந்த வேலையைச் செய்து கொடுப்பவள் நான். தண்ணீரில் கலக்குவது ஜி.ஏ. பவுடர். வெள்ளை வெளேர் என்று, கோலமாவை விட நைசாக இருக்கும். ஒரு கிராம் பாக்கெட்டில் வரும். கூடிப்போனால் காம்பு குச்சியாக விறைத்துவிடும், குறைந்தால் காய் மிளகு அளவிலேயே நின்றுவிடும். கலக்குகிறவள் கை தவறினால் அந்தத் தோட்டத்துக்கு அந்தப் பருவமே போச்சு.

அதனால் எங்கள் தொழிலில் பவுடரை வைத்திருப்பதுதான் பதவி. எத்தனை பெண்கள் வந்தாலும் பவுடர் என் இடுப்பில்தான் இருக்கும். ஈரம் படக்கூடாது, கை மாறக்கூடாது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர அந்தப் பை என்னை விட்டு இறங்கியதில்லை. நாங்கள் அதிகம் வேலை பார்க்கும் தோட்டத்துக்காரர் ரெங்கசாமி அண்ணன் எதையும் லேசில் நம்பாதவர். பம்புசெட் அறைக்கே மூன்று பூட்டு போட்டவர். அவர் என்னிடம் முதல் பாக்கெட்டைக் கொடுத்தபோது சொன்னதை நான் பட்டமாக வைத்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டுச் சாவியக்கூட யார்ட்டயும் குடுத்துருவேன் ஆத்தா, இத மட்டும் உன் இடுப்ப விட்டு எறக்காத."

திருநீறு இல்லை

என் தம்பி செல்வம் லாரி செட்டில் பழப்பெட்டி ஏற்றுகிறவன். யார் முதலில் ஏற்றுவது என்ற தகராறில் ஒருவனைத் தள்ளிவிட்டான்; அவன் கீழே விழுந்து கை ஒடிந்துபோனது. செல்வத்தைக் கிளைச்சிறையில் வைத்தார்கள். நான் அவனைப் பார்க்கப் போன அன்று காலையில் ரெங்கசாமி அண்ணன் தோட்டத்தில் பாதி டிரம்மோடு வேலை முடிந்தது. மீதி அரை கிராம் பவுடரைப் பம்புசெட் சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து மடித்து, பையில் போட்டுக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிட்டேன். கையில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் இருந்தன. மனசு முழுக்கச் செல்வம் சாப்பிட்டானா இல்லையா என்பதில் இருந்தது.

வாசலில் பெண்களைச் சோதனை போடும் மறைப்புக்குள் வார்டர் எஸ்தரம்மா இருந்தார்கள். கண்ணாடி போட்ட, அலுப்புத் தட்டிய முகம். "இடுப்புல, முந்தானையில எதுவும் இருக்கா?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல மேடம்" என்றேன். அடுத்த நிமிஷம் அவர்கள் கை என் பையின் மேல் இருந்தது. காலண்டர் தாளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்து, "திருநீறா?" என்றார்கள். நான் வெகு தைரியமாக, "இல்ல மேடம், திராட்சைக்கு வைக்குற பவுடரு" என்றேன். பவுடர் என்ற சொல் மறைப்பைத் தாண்டி வாசல் அதிகாரி காதில் விழுந்தது. அவர் எழுந்து வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் என்னை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள். எஸ்தரம்மா மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

"ஆமா திருநீறுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா மடிச்சுக் கையில குடுத்துருப்பேன், இப்ப நான் எழுதியே ஆகணும்."

நேற்றுத் தாள்

அன்று செல்வத்தைப் பார்க்க விடவில்லை. கம்பி வலைக்குப் பின்னால் அவன் எனக்காகக் காத்திருக்க, நான் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிறைக்குள் தடை செய்யப்பட்ட பொருளைக் கொண்டுபோக முயன்றதாக வழக்கு. லேப் ரிப்போர்ட்டில் போதைப்பொருள் என்று வந்தால் அந்தப் பிரிவும் சேரும், அப்புறம் வருஷக்கணக்கில் உள்ளேதான் என்று நிதானமாக விளக்கினார்கள். நடுவில் ஒருவர் பக்கத்தில் வந்து, "தம்பி கேட்டதால கொண்டுவந்தேன்னு எழுதிக்கிட்டா உனக்குச் சுலபமாப் போயிரும்மா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திராட்சைப் பவுடரை வைத்து அவன் ஜெயிலில் பந்தலா போடப் போகிறான் என்று கேட்டேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எழுத்து வேலை பார்த்த ஏட்டையா நல்ல மனுஷர். பவுடரையும் என் பையையும் தனித்தனிக் கவரில் போட்டு அரக்கு வைத்துவிட்டு, அது மடித்திருந்த காலண்டர் தாளையும் சாட்சியாக எழுத வேண்டும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராசிபலனில் ரிஷபத்துக்குப் 'பாராட்டு' என்று போட்டிருந்தது. நீங்கள் என்ன ராசி என்றார். ரிஷபம்தான் என்றேன். அவர் தேதியை இன்னொரு முறை பார்த்தார்.

"இது நேத்துத் தாளும்மா, இன்னைக்குத் தாள்ல என்ன போட்டுருந்துச்சுன்னு பாத்துட்டு வந்துருக்கக் கூடாதா?"

பத்து நிமிஷ வழி

ஊரில் இரண்டு பேர் ஜாமீன் போட்டு என்னை வெளியே கொண்டுவந்தார்கள். பத்தே நாளில் செல்வமும் ஜாமீனில் வந்துவிட்டான். தப்புச் செய்தவன் வீட்டில் சட்டை தேய்த்துக்கொண்டிருக்க, அவனைப் பார்க்கப் போன நான் வக்கீல் ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தேன்.

வக்கீல் தங்கராசு ஐயா வழக்கைப் படித்துவிட்டு, "பெரிய பிரிவு ரிப்போர்ட் வந்தாத்தான். இந்தச் சின்னப் பிரிவுக்குக் குற்றத்த ஒத்துக்கிட்டீகன்னா கொஞ்சம் அபராதத்தோட முடிச்சுரலாம்" என்றார். பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்களாம். நான் மாட்டேன் என்றேன். ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஜெயிலுக்குப் பவுடர் கொண்டுபோனவள் என்று கோர்ட் முத்திரையோடு எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு எந்தத் தோட்டக்காரரும் என் கையில் பாக்கெட்டைக் கொடுக்க மாட்டார். பவுடர் வைத்திருக்காத மேஸ்திரிக்குப் பின்னால் பதினோரு பெண்கள் ஏன் வரவேண்டும்? எனக்கு அந்த அபராதம் பெரிதில்லை, இடுப்பில் அந்தப் பை திரும்ப ஏற வேண்டும். இதையெல்லாம் வக்கீலிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒத்துக்கிட்டா பத்து நிமிசத்துல பஸ் ஏறிரலாம், ஒத்துக்கலேன்னா நீங்களும் நானும் ரொம்ப நாளைக்குச் சொந்தக்காரவுக ஆகிருவோம்."

அண்ணனின் இடுப்பு

அடுத்த வாரம் ரெங்கசாமி அண்ணன் தோட்டத்தில் இரண்டாவது முக்கு. வேனை விட்டு இறங்கி, வழக்கம்போலக் கையை நீட்டினேன். அவர் டிரம்மைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "கேஸு முடியட்டும் ஆத்தா. அதுவரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வேட்டி மடிப்பிலிருந்து பாக்கெட்டை எடுத்து அவரே கலக்கினார். சிறைவாசலில் எனக்கு அழுகை வரவில்லை, ஸ்டேஷனிலும் வரவில்லை. அன்று பந்தலுக்குக் கீழே கொத்துகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அழுதேன். அண்ணாந்திருந்ததால் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பாண்டியம்மா கவனித்துவிட்டாள். அவள் என்னுடன் பத்து வருஷமாக முக்குகிறவள். வாய்க்கு வாய்க்கால் வெட்டியவள். நாலாவது வரிசையில் அண்ணன் அடுத்த டிரம்முக்குப் பாக்கெட்டைத் தேடி மடியை உதறினார், சட்டைப்பையைத் துழாவினார், கடைசியில் அது வாய்க்கால் ஓரம் விழுந்து கிடந்தது. நனைந்து கட்டியாகிப் போயிருந்தது. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். பாண்டியம்மா கொத்து முக்கும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னாள்.

"அவுக இடுப்புல வேட்டியே நிக்காது, பாக்கெட்டு எங்கன நிக்கும் மதினி?"

மரியாதை

வாய்தாவுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த வராந்தா தெரியும். காலை பத்து மணிக்குள் வரச் சொல்வார்கள், நம் பெயரைக் கூப்பிடும்போது சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும், கூப்பிட்ட அரை நிமிஷத்தில் அடுத்த தேதி. முதல் தடவை டவாலி என் பெயரோடு 'எதிரி' என்று சேர்த்துக் கூவியபோது திரும்பிப் பார்த்தேன். கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர்களை அப்படித்தான் சொல்வார்களாம். மூன்றாவது வாய்தாவில் நானே எழுந்து "எதிரி வந்துட்டேன்" என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

அங்கே என்னைப் போலவே சிறைவாசலில் மாட்டிய ஒருவர் வருவார். ஆண்டிபட்டிப் பக்கம் தறி நெய்கிறவர். மச்சானைப் பார்க்கப் போனபோது வாழைப்பழத்தைப் பிளந்து உள்ளே பீடியைச் செருகிக் கொண்டுபோயிருக்கிறார். பழம் கனிந்துபோய், பீடி வாசலிலேயே வெளியே வந்துவிட்டது. அவர் என் வழக்கைக் கேட்டார். வெள்ளைப் பவுடர், லேப்புக்குப் போயிருக்கிறது என்றேன். மனிதர் சட்டென்று எழுந்து, பெஞ்சில் துண்டால் தூசியைத் தட்டினார். நான் எவ்வளவு விளக்கியும் கேட்கவில்லை.

"நானெல்லாம் வெறும் பீடிக்கேஸுக்கா, நீங்க உக்காருங்க."

இரண்டு கிலோ

அடுத்த பருவத்துக்குக் கொடி வெட்டும் கவாத்தும் முடிந்த பிறகுதான் ரிப்போர்ட் வந்தது. போதைப்பொருள் இல்லை, பயிர் வளர்ச்சிக்குப் பயன்படும் ரசாயனம் என்று எழுதியிருந்தது. கோர்ட்டிலேயே வக்கீல் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினார். நான் அங்கேயே கிளம்பத் தயாரானேன். அரசு வக்கீல் எழுந்து, போதைப்பொருள் இல்லையென்றாலும் அனுமதியில்லாத பொருள், அதுவும் ரசாயனம், கைதி ஒருவருக்குக் கொடுக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார், வழக்கு நிற்கும் என்றார். பெரிய பாம்பு போய்ச் சின்னப் பாம்பு மட்டும் மடியில் தங்கியது போல் இருந்தது எனக்கு.

சாப்பாட்டு இடைவேளையில் அரசு வக்கீல் வராந்தாவில் வந்து, இந்த ரசாயனம் எங்கே பயன்படுகிறது என்று என்னிடமே கேட்டார். கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? கவாத்தில் ஆரம்பித்துப் பெட்டி கட்டுவது வரைக்கும் சொன்னேன். எவ்வளவு தண்ணீருக்கு எத்தனை கிராம், எந்த வாரத்தில், பழுப்பதற்கு எத்தனை நாள் முன்னாலேயே நிறுத்திவிடுவோம் என்பதெல்லாம் சொன்னேன். அவர் முகம் யோசனையில் ஆழ்ந்தது.

"நேத்துதான் பச்சத் திராட்ச ரெண்டு கிலோ வீட்டுக்கு வாங்கிட்டுப் போனேன், சம்சாரத்துக்கிட்ட என்னன்னு சொல்ல?"

மெய்

வழக்கில் முக்கியமான சாட்சி எஸ்தரம்மா. கூண்டில் ஏறி, நடந்தது நடந்தபடி சொன்னார்கள். "எதுவும் இருக்கான்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு சொன்னாக. சோதன போட்டப்ப இருந்துச்சு." எங்கள் வக்கீல் எழுந்து, நீங்கள் கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் என் கட்சிக்காரர் சொல்லியிருப்பார், கடமையில் தவறியதை மறைக்கப் பொய் சொல்கிறீர்கள் என்று ஒரே போடாகப் போட்டார். எஸ்தரம்மா கூண்டுக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அது எடுபட்டால் எனக்கு விடுதலை, அவர்களுக்கு மெமோ. ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது என்று பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் என்னிடம் கேள்வி கேட்கும் நாள் வந்தது. சாட்சிகள் சொன்னதை நடுவர் அம்மா ஒவ்வொன்றாகப் படிப்பார்கள், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். வக்கீல் படியேறும்போதே பாடம் நடத்தினார். "எதக் கேட்டாலும் 'பொய்'னு ஒரு வார்த்த. அதுக்கு மேல வாயத் தெறக்காதீக. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக." நான் பவுடரைத் தம்பியிடம் கொடுக்கவே கொண்டுவந்ததாக வாசல் அதிகாரி சொன்னதை நடுவர் அம்மா படித்தார்கள். பொய் என்றேன். நெஞ்சாரச் சொன்னேன். அடுத்து எஸ்தரம்மா சொன்னதைப் படித்தார்கள்: எதுவும் இருக்கிறதா என்று கேட்டதாகவும், ஒன்றுமில்லை என்று நான் சொன்னதாகவும் சாட்சி சொல்கிறார், என்ன சொல்கிறீர்கள்?

பொய் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. பதினோரு பெண்களின் முகமும் ரெங்கசாமி அண்ணனின் நீட்டாத கையும் கண்ணுக்கு முன்னால் நின்றன. ஆனால் அந்தம்மா கேட்டார்கள். நான் இல்லை என்றேன். அதைப் பொய் என்று சொல்லி வெளியே வந்தால், என்னை நம்பிப் பவுடரைக் கொடு என்று எந்த வாயால் கேட்பேன்? "மெய்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். நடுவர் அம்மா, "அப்படியானால் ஏன் இல்லை என்று சொன்னீர்கள்?" என்று கேட்டார்கள். "மூக்குத்தி போட்டுருக்கோமான்னு யாரும் தடவிப் பாத்துக்கிறதில்லீங்கம்மா. அந்தப் பையும் எனக்கு அப்படித்தான். அது எம்மேல இருக்குங்கிற நெனப்பே அன்னைக்கு இல்ல. தம்பி நெனப்புதான் இருந்துச்சு" என்றேன். வெளியே வந்ததும் வக்கீல் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இத்தன வருசத்துல எங்கிட்ட வந்த ஆளு ஒருத்தருக்கு 'மெய்'ங்கிற வார்த்த தெரியும்னு இன்னைக்குத்தான் பாக்குறேன், இனி கடவுள் பாத்துக்கிடட்டும்."

தீர்ப்பு

தீர்ப்பு நாளில் பதினோரு பேரும் வேலைக்குப் போகாமல் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். செல்வம் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றான், என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு. உள்ளே போனால் போகட்டும், சொன்னது சொன்னதுதான் என்று இருந்தேன். நடுவர் அம்மா வாசித்தது முழுதும் எனக்குப் புரியவில்லை. எதிரி கைதியிடம் கொடுக்கும் நோக்கத்தோடு கொண்டுசென்றார் என்பது நிரூபிக்கப்படவில்லை, தனக்குப் பாதகமான சாட்சியத்தையே எதிரி ஒத்துக்கொண்டிருப்பதால் அவர் சொல்லும் விளக்கத்தை நம்பாதிருக்கக் காரணமில்லை, விடுதலை செய்கிறேன் என்பது மட்டும் புரிந்தது. பவுடரை அழித்துவிடவும் பையைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவு; அன்றே கையெழுத்துப் போட்டுப் பையை வாங்கிக்கொண்டேன். பாண்டியம்மா கோர்ட்டுக்குள் கை தட்டி ஒரு போலீஸிடம் திட்டு வாங்கினாள்.

படியில் எஸ்தரம்மா நின்றிருந்தார்கள். அன்று அவர்களுக்கு அங்கே வேலை இல்லை. தீர்ப்புக் கேட்கவே வந்திருக்கிறார்கள். நான் கும்பிட்டேன். அவர்கள் பதிலுக்குக் கும்பிடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பொய்யின்னு சொல்லிருந்தா எனக்கு மெமோ, மெய்யின்னு சொன்னதுல உனக்கு ஜெயிலே ஆகிருக்கும்; எதுக்கும்மா இப்படி ஒரு ஆளா இருக்க?"

திரும்ப ஏறியது

மறுநாள் ரெங்கசாமி அண்ணன் தோட்டம். நான் கையை நீட்டவில்லை. இந்த முறை நீட்டக்கூடாது என்று ராத்திரியே முடிவு செய்திருந்தேன். டிரம்முக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன், பின்னால் பதினோரு பேரும் அப்படியே நின்றார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் மோட்டாரைப் பார்த்தார். அப்புறம் மடியை அவிழ்த்து, பிரிக்காத புதுப் பாக்கெட்டை எடுத்து, எல்லோரும் பார்க்க என்னிடம் நீட்டினார். என் பழைய பையில் கோர்ட் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிழிக்காமலே பாக்கெட்டை உள்ளே போட்டுச் சுருக்கை இழுத்தேன். அண்ணன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"எடுத்துக்க ஆத்தா, இத இடுப்புல கட்டிக்கிட்டு ரெண்டு கவாத்தா நான் நிம்மதியாக் குனிஞ்சு நிமிரல."

அன்றிலிருந்து பேங்க் வாசலோ கல்யாண மண்டபமோ, எங்கே யார் "எதுவும் இருக்கா?" என்று கேட்டாலும், முதலில் இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.